நகம் தொட்ட வரி

மகள் திலகவதி மழையில் முகம் நிமிர்த்திச் சிரிக்கும் படத்தைப் பிஸ்கட் நிறுவனமொன்று நாட்காட்டிக்குக் கேட்டபோது, நிழற்படக்காரர் கூத்தபிரான் அதை இறையருளென்றே கொண்டார். ஒப்பந்தத்தின் இறுதித் தாளை மேசைமேல் விரித்துப் பிடித்துக்கொண்டாள் அலுவலகப் பெண் செங்கமலம். அவர் பேனாவைத் திறந்தார். கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவள் பெருவிரல் ஊன்றியிருந்தது.

“கையை எடும்மா, அவர் கையெழுத்துப் போடட்டும்,” என்றார் மேலாளர்.

“ஃபேன் காத்துல பறக்குது சார்.”

விரல் நகரவில்லை. மருதாணி மங்கிய நகம் தொட்டுநின்ற வரியை அப்போதுதான் கூத்தபிரான் படித்தார். படத்தை எக்காலத்தும் எப்பொருளின்மீதும் அச்சிடும் உரிமை நிறுவனத்துக்கே உரியது. எடுத்தவர் தம் ஸ்டூடியோவிலும் அதை மாட்டலாகாது. அவர் நிமிர்ந்தார்.

“ஒரு வருஷம், காலண்டருக்கு மட்டும்னு மாத்துங்க சார்.”

“நாங்க என்ன உங்க பொண்ணையா கேக்கறோம்? படத்தைத்தானே!”

“படத்துல அவதானே சார் இருக்கா.”

“எங்களுக்கு வேற படமா கிடைக்காது?”

கூத்தபிரான் பேனாவை மூடினார். அச்சகம் அன்று மாலைக்குள் படத்தைக் கேட்டிருந்தது. மேலாளர் முணுமுணுத்தவாறே அவ்வரியை அடித்து, அவர் சொன்னபடியே எழுதிச் சுருக்கொப்பமிட்டார். சந்நிதித் திரை விலகுவதுபோல் மெல்ல விலகியது அப்பெருவிரல்.

கையொப்பமிட்டு எழுந்த கூத்தபிரான், கேளாமலே வந்த துணையை எண்ணி, கண் கலங்கக் கைகூப்பினார். செங்கமலம் தலைகவிழ்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டும், இருக்கட்டும்,” என்று அவ்வணக்கத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் மேலாளர்.