சிதம்பரம் என்று தட்டினால்

“சிதம்பரம் கடைய சைட்டுலேர்ந்து எடுத்துடும்மா. என் தம்பி பேரு, போட்டோ எதுவுமே கண்ணுல படக் கூடாது.”

கடலூரில் இணையதளங்கள் அமைத்துத் தரும் அந்தச் சிறிய அலுவலகத்தில் சகாயநாதனின் குரல் வாசல்வரை கேட்டது. அருகில் அவர் மனைவி ஆரோக்கிய ராணி அமர்ந்திருந்தாள்.

அண்ணன் கடலூரிலும் தம்பி ஜெகன் சிதம்பரத்திலுமாக நடத்திவந்த திருமண அலங்காரத் தொழில் சென்ற வாரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இணையதளம் அண்ணனின் பங்குக்கு வந்தது.

அங்கே வேலை பார்க்கும் தமிழினி, தளத்தின் மெனுவிலிருந்து சிதம்பரத்தை நீக்கினாள்.

“எடுத்துட்டேன் சார். இனிமே கடலூர் மட்டும்தான் தெரியும்.”

“கேலண்டர்ல அச்சடிச்சிருக்கோமே, கடைசியில சிதம்பரம்னு வர்ற அட்ரஸ்? அதத் தட்டினா?”

“சிஸ்டத்துக்கு அந்தப் பக்கம் வெறும் நம்பர்தான் சார். ஜனங்க ஞாபகம் வெச்சுக்கறதுக்காக நாம குடுத்த பேருதான் சிதம்பரம். பேரையும் எடுத்துட்டா, பக்கம் இல்லைன்னு வரும்.”

“பேர எடுக்காத,” என்றாள் ராணி. “அத நம்ம கடலூர் பக்கத்துக்குத் திருப்பி வுட்டுடு. அந்த ஊரு ஆளுங்க எல்லாம் அதத்தான தட்டுறாங்க? வைகாசி முகூர்த்தம் பூரா நமக்கு வரட்டும்.”

தமிழினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“அவுரு இப்பத்தான் தனியா கடை போட்டிருக்காரு அக்கா. துபாய், சிங்கப்பூர்லேர்ந்து புக் பண்றவங்க அந்த அட்ரஸ்லதான் அவரத் தேடுவாங்க. அதயும் புடுங்கிட்டா?”

“நீ என்ன, அவனுக்கு மச்சினிச்சியா?”

தமிழினி சகாயநாதனைப் பார்த்தாள்.

“அவ சொல்றது சரிதாம்மா. திருப்பி வுட்டுடு,” என்றார் அவர்.

ராணி நிறைவுடன் எழுந்து, எதிர்க் கடையில் பூ வாங்கப் போனாள்.

“கூடப் பொறந்தவரு வயித்துல அடிக்க என் கைதான் கெடச்சுதா சார்? வேற ஆளப் பாத்துக்குங்க.”

சகாயநாதன் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மெனுவுல இல்லாத பக்கம், வீட்டுல யாராச்சும் சைட்டத் தொறந்தா தெரியுமா?”

“தெரியாது. முழு அட்ரஸயும் தட்டினாத்தான் வரும். ஏன், தம்பிக்கும் தெரியக் கூடாதா?” அவள் குரலில் ஏளனம் இருந்தது.

“கூடாது. ரோஷக்காரன். தெரிஞ்சா வாண்டாம்னுடுவான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பேரு ஜெகன் பக்கத்துக்கே போவட்டும்மா. அதுல இருக்கற என் போன் நம்பர மட்டும் எடுத்துட்டு, அவனோட புது நம்பரப் போட்டுடு.”