காயாத வாய்

சித்தி ஓவியம் வரைபவள். தூரிகை நுனியை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவாள். பார்க்கும்போதே எனக்குக் குமட்டும். என் முகத்தைக் குவாஷ் வண்ணத்தில் வரைந்தாள். தண்ணீரில் குழைத்துப் பூசும் அந்த வண்ணம் சீக்கிரமே காய்ந்துவிடும். படத்தில் எல்லாம் காய்ந்தது, வாயைத் தவிர. மறுநாளும் உதடுகள் ஈரமாகவே இருந்தன. துணியால் ஒற்றினேன். எச்சில் நூலாக நீண்டது.

அன்றிலிருந்து என் வாய் வறண்டு கிடக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

“சித்தி, அந்தப் படத்தைக் கழுவிடுங்க.”

“போடி இவளே! உயிரே அந்த வாய்லதான் இருக்கு.”

காய்ந்திருந்த தூரிகையைப் படத்தின் உதட்டில் நனைத்து, பழக்கதோஷத்தில் தன் நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தாள்.

“ஏண்டி, காலையில பல்லு தேய்க்கலையா?”

நான் தேய்க்கவில்லைதான்.

அவள் தூரிகையை மறுபடியும் அங்கேயே நனைத்தாள்.