யூன் வீட்டு ஜாடி

“மக்தோங் மனுசனே இல்லீங்க ஐயா! எங்க எஜமான் வீட்டுக் கொல்லையில இருக்கிற சோயா ஜாடி மாதிரி அவனும் ஒரு சாமான்!” என்று முழங்கினான், நீதிமன்ற முற்றத்தில் மண்டியிட்டிருந்தவன்.

நடுவர் தமது குதிரைமயிர்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “உன் பேரென்னடா?”

“போக்மானுங்க. யூன் வீட்டு வழக்குக்கு எந்த அடிமை வந்தாலும் காகிதத்துல அந்தப் பேருதாங்க.”

உயர்குடியினர் தாமே நீதிமன்றப் படி மிதிப்பது இழுக்கு. அடிமைகளில் ஒருவனை அனுப்பிவிட்டுப் புகைபிடித்துக்கொண்டிருப்பார்கள். எவன் போகிறான் என்று நிமிர்ந்து பார்ப்பதும் கௌரவக் குறைவே.

யூனின் தாயாரான பெரியம்மா இறக்குமுன் மக்தோங்கை விடுதலை செய்து எழுதிய சீட்டு நடுவர் முன் இருந்தது. அது செல்லாது என்பது மகனின் மனு. மனு வென்றால் மக்தோங் ஆயுள் முழுவதும் அடிமை. தோற்றால் அன்றே சுதந்திர மனிதன்.

“பெரியம்மா மனசார எழுதிக் குடுத்ததாச்சே?”

“ஜாடிக்கு யாராவது விடுதலை குடுப்பாங்களா ஐயா? நல்லது கெட்டது தெரியாது, நாலு வார்த்தை கோத்துப் பேச வராது. இதெல்லாம் மனுவுல எஜமான் கைப்பட எழுதினதுங்க. நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கலை!”

“ஜாடி அழுமா?”

“அழாதுங்க.”

“மக்தோங்?”

“பெரியம்மா செத்தப்போ மூணு நாள் சோறு தின்னாம அழுதானுங்க.” சொன்னவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“அடேய், நீ யார் பக்கம்டா?”

“எஜமான் பக்கந்தாங்க! ஜாடியும் மழையில நனையுது இல்லீங்களா?”

காவலர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். நடுவரும் தாடிக்குள் சிரித்தவாறே தூரிகையை எடுத்தார்.

“சரி, கேட்டுக்க. மக்தோங்கை இங்க கூட்டிட்டு வா. ஜாடி மாதிரி பேசாம நின்னான்னா அவன் உன் எஜமானுக்கே. புத்தியா நாலு வார்த்தை பேசிட்டான்னா மனு பொய், சீட்டு செல்லும். அவன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்.”

“அப்புறம் மாத்த மாட்டீங்களே?”

நடுவர் தீர்ப்பை எழுதி, சிவப்பு முத்திரையை அழுத்திப் பதித்தார். “இனிமே அரசரே நினைச்சாத்தான் உண்டு. எப்பக் கூட்டிட்டு வருவே?”

மண்டியிட்டிருந்தவன் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“காலையிலேருந்து பேசிக்கிட்டேதாங்க இருக்கேன்!”