பின்வரிசையில் ஒருத்தி

"திரும்பிப் பார்க்காதடி. அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்காரி இன்னும் உன்னையேதான் முறைச்சுக்கிட்டிருக்கா" என்றாள் குனில்லா.

மரித் திரும்பவில்லை. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. எல்லாம் தெரிந்தது.

உப்சாலா நகரில் அன்று நாள் முழுக்க பெல்லி டான்ஸ் பயிற்சி. முப்பது பெண்கள். இடுப்பில் சலங்கைத் துணி கட்டி, வயிறு தெரிய, வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் நின்ற அவள் மட்டும் கழுத்து வரை ஸ்வெட்டர், கையில் போன். பேருக்கு இரண்டு அசைவு. கண் மட்டும் மரித்தை விட்டு நகரவில்லை.

"உன் இடுப்புல மயங்கிட்டா போல. என்னை ஒரு ஜீவன் இப்படிப் பார்க்க மாட்டேங்குதே!" என்றாள் பக்கத்தில் ஆடிய இங்கெலா.

மரித்துக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓரெப்ரோ ஊரில், கூட வாழ்ந்த ரோலண்டின் வீட்டிலிருந்து போட்ட துணியோடு ஓடி வந்தவள் அவள். பெயரை மாற்றிக்கொண்டாள். அவள் விலாசத்தை யார் கேட்டாலும் அரசாங்கம் தராது.

"எங்க போனாலும் ஆள் விட்டுத் தேடுவேன்" என்று அவன் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

"அவன் அனுப்பின ஆளா இருக்குமோ?" என்றாள் மரித்.

"சும்மா இரு. இடைவேளையில நான் கேட்கறேன்."

காபியும் ஏலக்காய் பன்னும் வந்தன. குனில்லா பன்னைக் கடித்தபடியே நேராக அவளிடம் போனாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, காலையிலேர்ந்து பார்க்கறேன். நீ ஆட வந்தியா, வேவு பார்க்க வந்தியா? யார் அனுப்பினது உன்னை?"

எல்லாரும் திரும்பினார்கள். ஸ்வெட்டர்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. காபி ஸ்வெட்டரில் கொட்டியதைக்கூடத் துடைக்காமல், போனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினாள்.

"பார்த்தியா! தகவல் சொல்லப் போறா" என்றாள் இங்கெலா.

மரித் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். "நான் வீட்டுக்குப் போறேன்."

"தனியா எங்கேயும் போகாதே. நான் காரை வாசலுக்குக் கொண்டு வரேன். இங்கெலா, நீ நம்ம கோட்டுகளை எடு" என்றாள் குனில்லா.

மரித் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மேளச் சத்தம் மறுபடி தொடங்கியது. அதற்கு நடுவே, யாரோ உள்ளே வரும் சத்தம்.

கதவுக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"லிசெலொட்" என்றது ஒரு குரல், மெதுவாக.

இரண்டு வருஷமாக யாரும் மரித்தை அந்தப் பழைய பெயரால் கூப்பிட்டதில்லை.

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"வேண்டாங்க, கத்தாதீங்க. என் பேரு பெட்டினா. இப்ப ரோலண்ட் வீட்டுல இருக்கிறது நான்."

"அவன் வெளியில நிக்கறானா?"

"இல்ல. நான் பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு நினைச்சுட்டிருக்காரு. இப்ப போன் பண்ணினதும் அவர்தான். உங்க தோழி கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியல. மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுக்கணும்."

மரித் கண்ணை மூடிக்கொண்டாள். மூணாவது மணி. அந்தச் சட்டத்தை அவளும் ஒன்பது வருஷம் அனுபவித்திருக்கிறாள். வேவு பார்க்க வந்தவளுக்கு அப்படிச் சொல்லத் தோன்றாது.

"நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"இந்தப் பயிற்சிக்கு நெட்ல விளம்பரம் போட்டிருந்தாங்க. அதுல உங்க வகுப்பு போட்டோ. ஓரத்துல நீங்க நின்னுட்டிருந்தீங்க. உங்க முகம் எனக்குத் தெரியும், பழைய போட்டோவெல்லாம் அவர் இன்னும் வெச்சிருக்காரு. அவர் கண்ணுல படறதுக்குள்ள, நடத்தறவங்களுக்கு எழுதி அதை எடுக்க வெச்சேன்."

தாழ்ப்பாள் திறந்தது.

காபி பட்ட ஸ்வெட்டரின் கழுத்தை பெட்டினா கீழே இழுத்துவிட்டிருந்தாள். அங்கே நான்கு விரல் தடம், நீலமாக. மரித் அவள் கையிலிருந்த போனை வாங்கி ஆஃப் பண்ணினாள்.

"கோட் எடுத்துக்கோ. இப்படி ஓடி வர்ற பொண்ணுங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கு. என்னை அங்கதான் வெச்சுக் காப்பாத்தினாங்க."

பதினைந்து நிமிஷத்தில் காரில் நான்கு பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குனில்லாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மன்னிச்சுக்கம்மா, ஊர் கேட்க உன்னைத் திட்டிட்டேன். ஆனா காலையிலேயே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எதுக்கு இவளையே அப்படி முறைச்சு முறைச்சுப் பார்த்தே? பயத்துல செத்தே போயிருப்பா!"

பெட்டினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முறைக்கலீங்க. அவர் வீட்டுலேர்ந்து தப்பிச்சு வந்த ஒருத்தியால ஆடக்கூட முடியுதேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."