குளத்துக்கு வராத ஒன்பது பேர்

குளக்கரையில் ஒரு கழுதை படுத்துக் கிடந்தது. அதன் முன்னங்கால் முட்டியில் பல நாளாக ஓயாத வலி. ஆடு ஒரு வாய் கஞ்சா இலையைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டது.

"தின்னுங்க அண்ணே. இதுவரை இருபது பேர் தின்னாச்சு. வலி போகுதுன்னு நாரையே சொல்லுது. நாரை கணக்கு தப்பாது."

தண்ணீரில் நின்றிருந்த நாரையைப் பார்த்து, "நிஜமா?" என்றது கழுதை.

"இலை தின்னுட்டுத் தண்ணி குடிக்க வந்த எல்லாரையும் நானே கேட்டேன். பதினோரு பேர். பதினோரு பேருக்கும் வலி குறைஞ்சிருக்கு."

"தின்னது இருபதாச்சே. மத்த ஒன்பது பேர்?"

நாரை கரைக்கு அப்பால் இருந்த மேட்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக, "அவங்க இங்க வரல. நான் இந்த இடத்தை விட்டு நகரல" என்றது.

ஆடு சிரித்தது. "வலி போன குஷியில ஊர் சுத்துறாங்களோ என்னவோ!"

"இருக்கலாம்" என்றது நாரை. "வலி குறையாம நடக்க முடியாமலும் கிடக்கலாம். தலை சுத்தி எங்கேயாவது விழுந்தும் கிடக்கலாம். போய்ப் பார்க்காம நான் தின்னுன்னும் சொல்ல மாட்டேன், தின்னாதேன்னும் சொல்ல மாட்டேன்."

கழுதை இலையை முகர்ந்தது. முட்டி சுரீரென்றது. இலையைத் தின்னாமல் அதன் மேலேயே தாடையை வைத்துக்கொண்டது.

"சீக்கிரம் வந்துடு. எண்ணி முடிக்க உனக்குப் பொறுமை இருக்கு. என் முட்டிக்கு இல்லை."

நாரை தண்ணீரை விட்டு எழும்பியது. ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்தபடி, மேட்டுப் பாதையின் மேல் தாழப் பறந்து போனது.