மறந்து வைத்த சாமான்

அடுப்பில் கொதித்த கடல்தண்ணீருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை ருசியும் தன்னுடையதுதான் என்று சட்டியின் மூடியிடம் பீற்றிக்கொண்டே இருந்தது. உப்பு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடந்தது.

கடைசிச் சொட்டுவரை ஆவியாகிப்போன தண்ணீர், மூடியில் முத்துமுத்தாக ஒட்டிக்கொண்டது. மூடி நக்கிப் பார்த்து முகம் சுளித்தது.

"நீயா அந்த ருசிக்காரன்? சப்புன்னு இருக்கியே."

தண்ணீர் கீழே எட்டிப் பார்த்தது. சட்டியில் உப்பு வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்தது.

"ஒரு சாமானை மறந்து வெச்சுட்டேன். இதோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று குதித்தது. காய்ந்த சட்டி சுரீரென்று சுட, போன வேகத்தில் மூடிக்கே திரும்பி வந்தது.

"சாமான் கிடைச்சுதா?" என்றது மூடி.

"அதுவா? பழசு. வேண்டாம்னு விட்டுட்டேன்."