வெள்ளைக்கு அடியில்

மாமனார் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய காரை நான்தான் கேட்டு வாங்கினேன்.

"மேலாகப் பெயிண்ட் அடிச்சாப் போதும் மாப்ள, சுரண்டாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"துரு மேல அடிச்சா எப்படிடா நிக்கும்?" என்று பெயிண்டர் நண்பன் என் ஷெட்டில் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான்.

வெல்டர் நண்பன் கண்ணடித்தான். "உனக்கு மச்சம்டா! நாதியத்த பயலைத் தேடி வந்து பொண்ணு குடுத்தார். கேட்டதும் காரையும் குடுத்துட்டார்."

வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் பச்சை வந்தது. முன் மட்கார்டில் பள்ளத்தை மூடிப் பூசியிருந்த பட்டி உதிர்ந்து, பெரிய நசுங்கல் ஒன்று தெரிந்தது.

நசுங்கலைத் தடவிப் பார்த்தேன். சின்ன வயதில் என் கண்முன்னே அம்மாவை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது ஒரு பச்சைக் கார்.

நண்பர்கள் இருவரும் டீ குடிக்கப் போன நேரம், ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். உள்ளே மாமனார்.

"அந்தப் பாவத்துக்காகத்தானே மாப்ள, என் பொண்ணையே குடுத்தேன்?"